குழலுக்குள் ஈரம்

அந்தக் குழல் ஏழடியா எட்டடியா என்று என் நினைவை நம்பிச் சொல்ல முடியவில்லை. ரெக்கார்டர் எனும் மரக்குழல்களிலேயே பெரிய வகை. ஊதினால் சத்தம் காதுக்கு வருமுன் பாதத்தில் தெரியும்.

ஊதியவர் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் நினைவின்றிக் கிடந்தார். வீட்டில் அந்தக் குழலைப் பார்க்கச் சகிக்காமல் அவர் மனைவி பழுதுபார்க்கும் பட்டறையில் கொண்டுவந்து போட்டாள். பட்டறைக்காரரைத் தடித்த மூக்குக்கண்ணாடிக்காக எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். தினமும் காலையில் கண்ணாடியில் ஊதித் துடைத்து மாட்டிக்கொண்டு, குச்சியில் துணி சுற்றிக் குழல்களின் உட்புறத்தைத் துடைப்பார். ஊதிய குழலில்தான் மூச்சின் ஈரம் தங்கும். யாரும் தொடாத இந்தக் குழலும் தினமும் ஈரமாக இருந்தது. பேச்சுவாக்கில் அதை அவளிடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காலைதோறும் போன் வந்தது.

"அண்ணே, இன்னைக்கு?"

"ஈரம்தாம்மா."

பதினோராம் நாள் அவள் குரல் இறங்கியிருந்தது. "மெஷினை எடுத்துடலாமான்னு டாக்டர் கேக்கறாரு. பாத்துச் சொல்லுங்கண்ணே."

துணி காய்ந்தபடியே வெளியே வந்தது.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இரும்மா, உன் வீட்டுக்காரர மாதிரியே நெட்டைக் குழல். மெதுவாத்தான் துடைக்கணும்."

போனை மேசையில் வைத்துவிட்டு, குழலில் வாய்வைத்து, இருந்த மூச்சையெல்லாம் ஊதினார். துணியை மறுபடி விட்டு எடுத்தார்.

"ஈரம்தாம்மா."

குழல்காரர் அடுத்த மாதம் வீடு திரும்பினார். தரை அதிர்கிறது என்று புகார் சொல்லும் கீழ்வீட்டாரோடு மனைவி சண்டை போடுகிறாள். சோடாபுட்டி பட்டறைக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார். காலையில் கண்ணாடியில் ஊதுகிறார். அதில் ஆவி படிவதில்லை.