மூன்றாவது நடை மட்டும் மெதுவாக

“அண்ணா, இஞ்ச பார். அப்பா திரும்பவும் வந்த வழியால போறார்!”

கனடாவின் அஜக்ஸ் நகர வீட்டில் காலைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நிலாணி அண்ணன் சுலக்சனிடம் நீட்டிய கைபேசியில், ஸ்பெயினின் உட்பகுதி மலைக் கிராமங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி நகர்ந்தது. அதுதான் அவர்களுடைய அப்பா தில்லையம்பலம். ஓய்வு பெற்ற கையோடு, ஊர் ஊராக நடக்கும் விடுமுறைக்குப் போயிருந்தார். பெட்டிகளை ஒரு வான் வண்டி அடுத்த விடுதியில் சேர்த்துவிடும். நடப்பவர் கைவீசி நடக்கலாம். நடக்க முடியாத அம்மா கனகாம்பிகையும் அந்த வானிலேயே போவதாக ஏற்பாடு.

புள்ளி நல்ல பாதையில் நேராகத்தான் போனது. ஓடை குறுக்கிடும் இடங்களில் மட்டும் இந்தக் கூத்து: முன்னே போகும், திரும்பி வரும், மறுபடி முன்னே போகும். மூன்றாவது நடை எப்போதும் மெதுவாக இருந்தது. ஏன் என்று இருவருக்கும் பிடிபடவில்லை.

“பாதை மறக்குது போல. பெரியப்பாவுக்கும் இப்பிடித்தானே தொடங்கினது,” என்றான் சுலக்சன்.

“நான் அப்பவே சொன்னனான், அனுப்ப வேண்டாமெண்டு.”

“ஓமோம்! ரிக்கெற் புக் பண்ணினது ஆர்? நீதானே!”

“பக்கத்தில இருக்கிற மார்க்கம் ரவுனுக்குப் போறதுக்கே ஜீபிஎஸ் போடுற மனுசன், அண்ணா. எங்கயும் விழுந்தா?”

“இண்டைக்கே நிப்பாட்டுவம். வந்த உடன கார்த் திறப்பையும் வாங்கவேணும். இனி அவரைத் தனிய விடேலாது.”

நிலாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவிடமிருந்து கார்ச் சாவியை வாங்குவதா? அதைக் கேட்டாலே மனுசன் உடைந்துபோவார்.

முதலில் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று, சுலக்சன் வான் ஓட்டும் மரியோவை அழைத்தான்.

“உங்கள் அம்மாவா?” மரியோ குழம்பினான். “அவர் என் வானில் ஏறியதே இல்லையே. பெட்டிகளை மட்டும்தானே தருகிறார்கள்!”

சுலக்சன் இணைப்பைத் துண்டித்தான். அப்பாவின் எண்ணை அழுத்தினான். மணி நெடுநேரம் அடித்தது.

“அப்பா! அம்மாவை எங்க விட்டனீங்கள்?”

“ஏன்ரா கத்துறாய்? நான்தான் அம்மா கதைக்கிறன். உங்கட அப்பாவின்ர பொக்கற்றுக்குள்ள இருந்து போனை எடுத்தனான். அவற்ற ரெண்டு கையிலயும் வேலை.”

“அம்மா! நீங்கள் வானில போகேல்லையா?”

“வானுக்குள்ள குந்தியிருக்கவே இவ்வளவு தூரம் வந்தனான்? ஒரு ஊரும் விடேல்லை, எல்லாம் பாத்தாச்சு!” பின்னால் அப்பா மூச்சு வாங்கச் சிரிப்பது கேட்டது. “நல்ல பாதையில என்னை வீல்செயாரில வச்சுத் தள்ளுறார். கல்லு ஓடை வந்தா, முதல் வீல்செயாரை அங்கால கொண்டுபோய் வைக்கிறார். பிறகு திரும்பி வந்து, என்னை முதுகில தூக்கிக்கொண்டு போறார்.”