கால்வாய்க்கு அந்தப் பக்கம்

“வரைபடத்த நடுவுல ஒட்டத் தெரியாதா? பாதிச் சுவரு சும்மா கெடக்கு!”

நகர்மன்றத் தலைவி முன்னாலேயே அதிகாரி என்னைக் கடிந்துகொண்டார். பன்னிரண்டு வருடமாக வரைபடம் வரைகிறவளுக்கு இது தேவைதான். தலையைக் குனிந்துகொண்டேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. பழைய நகரில் எந்தெந்த இடத்தின் கதையைப் பலகை வைத்து ஊருக்குச் சொல்வது என்று மக்களே முடிவு செய்ய வேண்டும். ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர். எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதிகம் விழும் இடத்துக்கு முதல் பலகை. விதியை எழுதியவர் அதிகாரியேதான்.

ஆனால் வரைபடம் கால்வாயோடு நின்றது.

கால்வாயைத் தாண்டினால் சூளைச் சந்து. இந்த நகரின் மாளிகைகளுக்கும் மணிக்கூண்டுக்கும் சுண்ணாம்பு இடித்துக் கொடுத்த பெண்களின் சந்து. அங்கே என்ன வரலாறு இருக்கிறது, வெட்டிவிடு என்று போன மாதம் அவர் சொன்னார். வயிற்றெரிச்சலோடு வெட்டினேன்.

கடைசி வரிசையிலிருந்து நீலக் குடையோடு ஒரு பெண்மணி எழுந்து வந்தார். வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். தன் சந்து எங்கே என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி கைபேசியைப் பார்த்தார்.

பெண்மணி அசரவில்லை. கால்வாயைத் தாண்டி, வெறும் சுவரில், மூன்று ஸ்டிக்கரையும் அழுத்தி ஒட்டினார்.

அவ்வளவுதான். கடைசி நான்கு வரிசையும் எழுந்தது. வெள்ளைச் சுவர் பச்சைப் பசேல் என்று ஆனது. மணிக்கூண்டுக்கு விழுந்தது வெறும் பதினேழு.

வரைபடத்துக்கு வெளியே ஒட்டியது செல்லாது என்று அதிகாரி குதித்தார்.

“அப்ப வரைபடத்தப் பெருசாக்குங்க,” என்றார் தலைவி.

பையிலிருந்த சுருளை எடுத்தேன். வெட்டிய பகுதியை மெல்லிய தாளில் நகல் எடுத்து வைத்திருந்தேன். கால்வாய்க் கரையோடு சேர்த்து விரித்தேன். மிச்சச் சுவருக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. தாளுக்கு அடியில், வீட்டுக்கு வீடு பச்சை தெரிந்தது. கைதவறிய இரண்டு மட்டும் கால்வாயில் கிடந்தன.

முதல் பலகை சூளைச் சந்துக்கு என்று தலைவி அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதிகாரி சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தால் நல்ல மழை. வாசலில் நீலக் குடை விரிந்து காத்திருந்தது. ஓடிப்போய் அதற்குள் நுழைந்துகொண்டேன்.

“நீ சொன்ன எடத்துலதானடி ஒட்டினேன்?” என்றாள் அம்மா.