எவ்வளவு தாங்கும்?

"சுமக்கிறது வேற, இழுக்கிறது வேறம்மா. வெள்ளை வண்டி முதுகுல நிறைய சுமக்கும். சிவப்பு வண்டி, பின்னால டிரெய்லரை மாட்டிவிட்டா மலைமேலயும் இழுத்துட்டுப் போகும்."

"அளவுக்கு மேல ஏத்தினா?"

"கொஞ்ச நாள் சத்தமில்லாம தாங்கும். அப்புறம் ஒருநாள் அச்சு முறிஞ்சிடும்."

"சரியாச் சொன்னீங்கண்ணே" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

பிக்கப் சரக்கு வண்டி ஷோரூம் விற்பனையாளருக்குச் சந்தேகம் வலுத்தது. காலையிலிருந்து இதே இரண்டு வண்டிகளைத்தான் ஒப்பிடுகிறாள். விலையை மட்டும் கேட்கவே இல்லை. எதிர்க்கடை அனுப்பிய ஆளேதான். வாயைப் பிடுங்கி, தன் வேலைக்கே உலை வைக்கப் பார்க்கிறாள். சாப்பிட வீட்டுக்குக் கிளம்பலாமென்று அவர் எழுந்தபோதெல்லாம் புதுக் கேள்வி ஒன்றைப் போட்டு உட்கார வைத்தாள்.

அவள் கைப்பேசி சிணுங்கியது. திரையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

அவருக்குப் பொறுக்கவில்லை. "மழுப்பாம சொல்லும்மா. உன்னை அனுப்பினது யாரு?"

அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"உங்க சம்சாரம்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா தனியா வேற வீடு பார்த்துட்டாங்க. பீரோவும் தையல் மெஷினும் ஏத்தியாச்சாம். கட்டிலைத்தான் கழட்டிட்டிருக்காங்க. அதுவரைக்கும் வீட்டுக்குப் போகாம, அந்தச் சிவப்பு வண்டியைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன், அண்ணே."