வாய் நிறைய முட்டை

எறும்புப் புற்றுக்குள் புகுந்த மழைத்தண்ணீர் முட்டை அறைவரை வந்துவிட்டது.

"தண்ணி உங்க சுவர் வழியாத்தான் வந்துச்சு, நீங்களே பாருங்க" என்றார் முட்டைத் தலைவர் எறும்பு.

"நனையிறது உங்க முட்டை. அப்புறம் அந்தப் பதவி எதுக்கு?" என்றார் சுவர்த் தலைவர் எறும்பு.

முட்டைக்கு நீந்தத் தெரியாது. வாசல் தலைவர் எறும்பு ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போய் மேட்டில் வைத்தார். திரும்பி வந்து இன்னொன்றைக் கவ்வினார்.

"யோவ் வாசலு! இது உன் வேலையே இல்ல. முட்டையைக் கீழ வை. யார் பொறுப்புன்னு முதல்ல பேசி முடிப்போம்" என்று இருவரும் அதட்டினார்கள்.

வாய் நிறைய முட்டை. வாசல் தலைவர் மேட்டுக்கு ஏறினார்.

அடுத்த முறை "கீழ வை!" என்று கத்தியது சுவர்த் தலைவர் மட்டும்தான். முட்டைத் தலைவரின் வாயிலும் இப்போது முட்டை. அவரும் சரி, வாசல் தலைவரும் சரி, கீழே வைக்கவில்லை.