தம்பியின் செல்கள்

ஆய்வகத்தில் அவள் கண்ணை எடுக்காமல் நுண்ணோக்கியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உருண்டையாக ஒட்டிக்கிடந்த கட்டிச் செல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சோதனைத் தட்டில் சுற்றி வைத்திருந்த நல்ல மூளைத் திசுவுக்குள் நுழைந்தன. ரத்தக்குழாய் ஓரமாகவே போயின, பழகிய தெருவில் நடப்பதுபோல.

எவ்வளவு அவசரம் இந்தச் சனியன்களுக்கு!

அவளுடைய தம்பி தினகரன் தலையிலிருந்து எடுத்த கட்டி அது. குப்பையில் போவது அக்காவின் ஆராய்ச்சிக்காவது ஆகட்டும் என்று அவனேதான் கொடுக்கச் சொன்னான். வீரியம் குறைந்த கட்டி, சுத்தமாக எடுத்தாகிவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் நம்பிவிட்டார்கள். தள்ளிவைத்த கல்யாணத்துக்கு மறுபடி நாள் பார்க்க அம்மா பறக்கிறாள்.

தம்பி மட்டும் பிடிவாதமாக இருந்தான். அக்கா பார்த்துச் சொல்லட்டும், அவள் சரியென்றால்தான் சுகந்தி கழுத்தில் தாலி கட்டுவேன் என்றான்.

பார்த்துவிட்டாள்.

இந்த வேகத்தில் போகிறவை, கத்தி படுவதற்கு முன்பே எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கும். எதைச் சுத்தமாக எடுத்தார்களாம்?

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. அவருக்கு அது எண் ஒட்டிய ஒரு குப்பி, அவ்வளவுதான். யாருடையது என்று தெரியாது. இப்படி ஓடுகிற செல் நம் ஆய்வகத்துக்கு வந்ததே இல்லை, உனக்குப் பெரிய அதிர்ஷ்டம் என்று கை குலுக்கினார். எல்லோருக்கும் சமோசா வாங்கி வரச் சொன்னார்.

அதிர்ஷ்டமாம்.

அவள் வராந்தாவுக்குப் போய்த் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணாவது தப்பிக்கட்டும்.

"என்னக்கா, என் சரக்கு எப்படி இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். குரல் நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு வரும் நாளில் இப்படித்தான் நடுங்குவான், பாவி.



"உன்னை மாதிரியே சோம்பேறிடா. இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்ல."



போனில் ஒரு பெண் விசும்புவது கேட்டது.

"நானும் பக்கத்துல இருந்து கேட்டுட்டுதான் இருந்தேன் அண்ணி," என்றாள் சுகந்தி. "டாக்டர் சொன்னப்பகூட மனசு ஆறல. நீங்க சொன்னா போதும் எனக்கு."