நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பு

ஜெபராணியின் ஆய்வுக்கட்டுரையை நம்பி நீதிமன்றம் ஒரு தீர்ப்பே எழுதிவிட்டது என்று சட்டக் கல்லூரி முழுக்க லட்டு கொடுத்தார்கள். அவள் மட்டும் தன் லட்டைத் தாளில் மடித்து வைத்துவிட்டாள். நீதிபதி எடுத்தாண்டிருந்தது அவளுடைய நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பை. அதிலிருந்த பழைய வழக்கை அவள் படித்ததே கிடையாது. யாரோ எழுதிய புத்தகத்தைப் பார்த்து எழுதியது. நூலகத்தில் ஏணி போட்டு, அந்த வழக்கு நடந்த வருடத்துத் தீர்ப்புத் தொகுதியை இறக்கினாள். பக்கங்கள் அச்சகத்தில் மடித்த மாதிரியே, ஓரம்கூடப் பிரிக்கப்படாமல் ஒட்டியே இருந்தன; இதுவரை யாருமே அதைப் படித்ததில்லை. மடிப்பு ஓரத்தை ஸ்கேலால் கிழித்துப் பிரித்துப் படித்தாள். வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றிருந்தது. அவள் எழுதியிருந்ததோ, வெளியேற்றலாம் என்று. அதை வைத்துத்தான் இந்தத் தீர்ப்பில் வள்ளியம்மை என்ற தையல்காரியை முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"மேடம், தப்பா எழுதிட்டேன்" என்று தொகுதியோடு ஆய்வு வழிகாட்டி சண்முகவடிவிடம் ஓடினாள். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"நேத்து வரைக்கும் அது தப்பு. இன்னைக்கு அதுதாம்மா சட்டம்."

பிறகு மேசை இழுப்பறையைத் துழாவி, கோந்து பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். ஜெபராணியின் விரல் இன்னும் கிழித்த பக்கத்துக்குள்ளேயே இருந்தது.