அடுக்களைக் குழாய்

'இந்த அம்மாள் அடுக்களைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டால்...'

அதற்கு மேல் திரிபுரசுந்தரிக்கு நினைப்பு ஓடவில்லை. காபித் தட்டை டீப்பாயின்மேல் வைத்துவிட்டு, கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வீடு பார்க்க வந்திருந்தவர் ஞானாம்பாள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. கூட்டி வந்தவர் புரோக்கர் அப்பாதுரை. கூடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தயார். அட்வான்ஸ் கைமாறிவிட்டால் பொழிச்சலூர் வீடு போன மாதிரிதான்.

"எல்லாம் லட்சணமா இருக்கு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசக் கோலத்துக்குத்தான் செம்மண் இடலை போலிருக்கு" என்றார் ஞானாம்பாள்.

"தீர்ந்துபோச்சு" என்றாள் திரிபுரசுந்தரி.

"நல்ல காரியத்தன்னிக்குப் பார்த்துத்தான் தீரணுமா?" சாம்பசிவன் சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு இல்லை.

இதை விற்றுக் கூடுவாஞ்சேரியில் மனைகளாக வாங்கிப் போடவேண்டும், விலை ஏறும்வரை எங்காவது ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அவளிடம் சொன்னார், கேட்கவில்லை. அவளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வாடகைப் போர்ஷன் என்றால் அவளுக்குப் பல்லாவரத்து ரத்தினபாய்தான் ஞாபகம் வருவாள். வீட்டுக்காரி. நினைத்தபோது வால்வை மூடிவிடுவாள். தலை நிறையச் சீயக்காயோடு, கண் எரிய, "அக்கா, ஒரே ஒரு வாளி" என்று குளியலறைக்குள்ளிருந்து கெஞ்சிய நாட்கள் உண்டு. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சும்மா கொட்டுவதைப் பார்த்தபடி நின்றிருந்தாள். யாரும் நிறுத்தவில்லை.

அந்தக் குழாயா இன்றைக்கு இப்படி!

"காபி ரொம்ப நல்லா இருந்தது. இந்தத் தண்ணியா?" ஞானாம்பாள் எழுந்தார்.

"குடத்துத் தண்ணி. காலையில பிடிச்சு வெச்சது."

"அடுக்களையை ஒரு தடவை பார்த்துடறேனே."

திரிபுரசுந்தரி பின்னாலேயே போனாள். ஞானாம்பாள் மேடையைத் தடவிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். திரும்பப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு குழாயைத் திருகினார்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்த தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது.

"இன்னாக்கா, கொழாயில டிகாஷன் எறங்கினு கீது!" என்று சொல்லிவிட்ட அப்பாதுரை, சாம்பசிவனின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல டீச்சரம்மா. பைப்பு துரு. கொஞ்ச நேரம் தொறந்து வுட்டா ஓடிப்பூடும்."

திறந்து விட்டார்கள். ஓடவில்லை.

"அப்ப போர் தண்ணில இரும்பு கீது. இந்த ஏரியா பூரா அப்டித்தான்."

"அது பிடிச்சு வெச்சப்புறம் இல்ல நிறம் மாறும்? இது வரும்போதே இப்படி வருதே?" என்றார் ஞானாம்பாள்.

"என்ன இது, காலையில நான் குளிக்கறப்போகூடப் பளிங்கு மாதிரி இருந்ததே!" சாம்பசிவனுக்கு வேர்த்துவிட்டது. குளியலறைக் குழாய், கொல்லைக் குழாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அதே நிறம்.

"டேங்க் அடியில சேறு தங்கியிருக்கும் மேடம். மோட்டார் போட்டதுல கலங்கியிருக்கும். நாளைக்கே கழுவிடறேன்" என்றார் திரும்பி வந்து.

"கழுவி, மறுபடி இப்படியே வந்தா?"

ஞானாம்பாள் கைப்பையைத் திறந்தார். பணக்கவரின் நுனி வெளியே தெரிந்தது. அதை எடுக்காமல், திரிபுரசுந்தரியின் பக்கம் திரும்பினார்.

"ஆம்பளைங்க ஆயிரம் காரணம் சொல்வாங்க. தினம் இதுல சமைக்கிறது நீங்கதானே? இது என்னிக்கோ ஒருநாள் வர்றதுதான், மத்தபடி நல்ல தண்ணின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே அட்வான்ஸைக் கொடுத்துட்டுப் போறேன்."

"சொல்லேன் சுந்தரி" என்றார் சாம்பசிவன். குரல் இறங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் எதையும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் போயிற்று. பொழிச்சலூரில் அந்தச் சத்தம் ஓயும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. பாத்திர அலமாரி அதிர்ந்தது. அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், நல்ல தண்ணீர். எவ்வளவு நல்ல தண்ணீர்! ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். மறுபடி ஒரு போர்ஷன். மறுபடி ஒரு ரத்தினபாய்.

சத்தம் தேய்ந்தது.

"சொல்லு" என்றார் அவர் மறுபடியும்.

"மாட்டேங்க" என்றாள், யாருக்கும் வலிக்காத மெல்லிய குரலில். "அதை நான் சொல்ல மாட்டேன்."

ஞானாம்பாள் கைப்பையை மூடிக்கொண்டார்.

புடவைத் தலைப்புக்குள் திரிபுரசுந்தரி விரல்களை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டாள். கணவர் வெற்றிலை வாங்கப் போயிருந்த நேரத்தில், கோலத்துக்கென்று டப்பா நிறைய வைத்திருந்த செம்மண்ணை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கரைத்த சிவப்பு, எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணை விட்டுப் போயிருக்கவில்லை.